சர்க்கரைக் குழந்தைகளும் மறைந்திருக்கும் தொற்றும்

சர்க்கரை நோயுள்ள குழந்தை அடிக்கடி சிறுநீர் கழித்தால், படுக்கையை நனைத்தால், சர்க்கரை ஏறிவிட்டது என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள்; சில வேளை மருத்துவரும்தான். அதே அறிகுறிகளுக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று மறைந்திருக்கலாம். கவனியாமல் விட்டால் அது சிறுநீரகம்வரை பரவும். சர்க்கரையையும் மேலும் ஏற்றிவிடும்.

அதற்காக எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பது தவறு. தொந்தரவு எதுவுமின்றிச் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தால் பெரும்பாலும் மருந்து தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. ஆனால் காய்ச்சல், எரிச்சல், இன்சுலின் போட்டும் இறங்காத சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே சிறுநீர்ப் பரிசோதனை, கல்ச்சர் இரண்டும் வேண்டும்.

எங்கே செய்வது? 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, ரூயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸும் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. பலமநேர்ப் பக்கத்துக் கூலித் தொழிலாளி, ஒரு குப்பிச் சிறுநீருக்காக ஒரு நாள் கூலியை இழந்து திருப்பதி போகவேண்டுமா? மாதிரியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கி அனுப்புவது ஆந்திர அரசுக்குப் பெரிய செலவல்ல.

தில்லிக்கும் பொறுப்புண்டு. பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013இல் தொடங்கிய திட்டத்தின் 30 குறைபாடுகள் பட்டியலில் சர்க்கரை நோய் இடம்பெறவில்லை. வகுப்பில் இன்சுலின் போட்டுக்கொள்ள அனுமதிக்கும்படி தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியது நல்ல காரியம். பாட வேளையில் கழிப்பறைக்குப் போகும் உரிமையையும், அங்கே தண்ணீர் இருப்பதையும் அடுத்த கடிதம் கேட்கட்டும்.