முதலில் சோதனை, பிறகு விற்பனை

கால்நடைகளுக்கான வலிநிவாரணி எதுவானாலும், பாறு கழுகுகளுக்கு அது தீங்கு செய்யாது என்று ஆய்வில் உறுதியான பிறகே உரிமம் தர வேண்டும். ஒன்றிய அரசு இதைக் கட்டாய விதியாக்க வேண்டும். இதுவரை நடந்திருப்பது தலைகீழ். மருந்து முதலில் சந்தைக்கு வருகிறது, பறவைகள் மடிகின்றன, ஆய்வாளர்கள் காரணத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள், தடை ஆண்டுக்கணக்கில் தாமதமாகிறது.

1990களின் பிற்பகுதியில், பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் பாறுகள் தலை தொங்கி, கொத்துக்கொத்தாக மடிவதைப் பறவையியலாளர் விபு பிரகாஷ் பதிவு செய்தார். தொற்றுநோய் என்ற சந்தேகமே முதலில் வலுவாக இருந்தது. விடை 2004இல் பாகிஸ்தானிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, மாட்டின் சடலம் வழியாகப் பறவைக்குள் போயிருந்தது. ஒரே சடலத்தில் பல பாறுகள் கூடி உண்ணும். ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அதனால், இந்தச் சரிவுக்கு நூறு சடலங்களில் ஒன்றில்கூட நஞ்சு இருக்கத் தேவையில்லை, அதற்கும் குறைவே போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் அழிந்தன.

பாகிஸ்தான் ஆய்வை முன்னெடுத்த பெரெகிரின் ஃபண்ட், வல்லூறுகளைக் காக்க 1970இல் அமெரிக்காவில் பிறந்த அமைப்பு. அந்த வல்லூறுகளுக்கு நேர்ந்ததும் இதுதான். பிரிட்டனில் வல்லூறுகள் பெருகிவிட்டன என்று பந்தயப் புறா வளர்ப்போர் புகார் சொன்னதால் 1960களின் தொடக்கத்தில் கணக்கெடுப்பு நடந்தது. அதை நடத்திய ஆய்வாளர் டெரக் ராட்கிளிஃப் கண்டதோ பெரும் சரிவு. பழைய முட்டைச் சேகரிப்புகளோடு ஒப்பிட்டு, ஓடு மெலிந்துவிட்டதை 1967இல் அவர் வெளியிட்டார். அதற்குக் காரணமாக டிடிடி பூச்சிக்கொல்லி அகப்பட்டது. அப்போதும் நஞ்சு முதலில் பரவியது, அறிவு பிறகே வந்து சேர்ந்தது.

இந்தியா 2006இல் கால்நடை டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அது மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் வழியாக மாட்டுக்குப் போனதால், 2015இல் குப்பியின் அளவும் குறைக்கப்பட்டது. ஆனால் கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலிநிவாரணியும் பாறுகளைக் கொல்லும் என்று 2010வாக்கில் ஆய்வு வெளியான பிறகும், நாடு முழுவதற்குமான தடைக்கு 2023 வரை காத்திருந்தோம். மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசிகுளோஃபெனாக்கும் அதே ஆண்டுதான் தடைபட்டது. மருந்தை ஒவ்வொன்றாகத் துரத்தும் இந்த முறையில் பாறு ஒருநாளும் முந்த முடியாது.

மாட்டின் வலிக்கு மருந்து வேண்டாமா என்று விவசாயி கேட்பது நியாயம். மெலோக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று 2006இலேயே நிறுவப்பட்டது. பின்னர் டோல்ஃபெனாமிக் அமிலமும் அந்த வரிசையில் சேர்ந்தது. அழியும் பறவைக்கு மருந்து கொடுத்துச் சோதிப்பதா என்ற தயக்கத்துக்கும் பதில் உண்டு. மெலோக்சிகாமை முதலில் ஆப்பிரிக்கப் பாறு இனத்தில்தான் சோதித்தார்கள்.

இழப்பு பறவையோடு நிற்கவில்லை. பாறுகள் போனபின் அழுகிய சடலங்களும் நாய்களும் பெருகின. 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் கூடுதல் மனித மரணங்களை இந்த அழிவோடு இணைக்கிறது, இயால் பிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு. பொதுச் சுகாதாரத்துக்குப் பொறுப்பான எந்த அரசும் இதைத் தள்ளிவைக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. மாயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறுகள் தென்னிந்தியாவில் எஞ்சிய மிகச் சில கூட்டங்களில் ஒன்று. குப்பி அளவுக் கட்டுப்பாட்டை எதிர்த்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் பாறுகளின் பக்கம் நின்றது. மாநில அரசு அடுத்த அடியை எடுக்க வேண்டும். முன்சோதனை விதியைக் கேட்டு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டும். நீலகிரி, ஈரோடு மாவட்ட மருந்துக் கடைகளிலும் கால்நடைச் சடலங்களிலும் மாதிரி எடுத்து ஆண்டுதோறும் முடிவுகளை வெளியிட வேண்டும். முன்சோதனைக்கான செலவை, மருந்தை விற்று லாபம் பார்க்கப்போகும் நிறுவனமே ஏற்க வேண்டும்.