ஸ்கொயர் பீட் என்ன ரேட்?

கிரானைட் கடைக்குள் நுழையும் எவரும் முதலில் கேட்பது ஒரே ஒரு கேள்வி தான். "அண்ணே, ஸ்கொயர் பீட் என்ன ரேட்?" அடுத்த கடையிலும் அதே கேள்வி. அதற்கும் அடுத்த கடையில் ஐந்து ரூபாய் குறைத்துச் சொல்லிவிட்டால் வேலை அங்கே போய்விடும். அரைக் கோடி செலவழித்து வீடு கட்டுகிறவர் கூட, சமையல் மேடைக் கல் என்று வந்ததும் ஐந்து ரூபாய்க்காக ஊரைச் சுற்றுவார். கட்டட வேலையில் இதைப் போல ஒரு உதவாக்கரைக் கேள்வி வேறு கிடையாது. உதவாக்கரை மட்டும் இல்லை, ஆபத்தானதும் கூட. ஆபத்து பிறகு வரும். முதலில் கணக்கு.

மேடையின் அகலம் இரண்டு அடி. கல் மலையில் இருந்து இரண்டடி அகலத்தில் இறங்கி வருவதில்லை. ஒன்பதுக்கு மூன்று என்று ஒரு பலகை வந்தால் அது 27 சதுர அடி. மேடைக்கு ஒன்பதுக்கு இரண்டு எடுத்தால் 18 போயிற்று. மிச்சம் ஒரு அடி அகலத்தில் நீளமாக ஒரு துண்டு. மூன்றில் ஒரு பங்கு! ஜன்னல் அடிக்கோ ஸ்கர்ட்டிங்குக்கோ யாராவது கேட்டால் அதற்கு வாழ்வு உண்டு. இல்லாவிட்டால் கடை வாசலில் சாய்ந்து நின்று வெயில் காய வேண்டியது தான். எல்லாப் பட்டறை வாசலிலும் அப்படி வரிசையாக நிற்கும் துண்டுகள் குப்பை அல்ல. முடங்கிப் போன முதல்.

அப்புறம் சுவர். சமையலறை 'எல்' வடிவம் என்றால் மூலை சரியாக 90 டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு சுவரில் மூன்று அடி, இன்னொன்றில் நான்கு அடி குறித்தால் குறுக்கே சரியாக ஐந்து அடி வரவேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தான். எத்தனை வீட்டில் வருகிறது? அரை இஞ்ச் கூடும், அரை இஞ்ச் குறையும். அதற்கு மேல் பூச்சும் டைல்ஸும் ஏறினால் அளவு மறுபடி மாறும். எல்லாம் முடிந்த பின் அட்டையிலோ பிளைவுட்டிலோ மாதிரி வெட்டி, அதை வைத்துக் கல்லை வெட்டுவது தான் முறை. வீட்டுக்காரருக்கு அதற்குப் பொறுமை கிடையாது. "கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு" என்பார். பூச்சுக்கு முன்னால் எடுத்த அளவில் வெட்டிய கல் சுவரோடு சேராமல் இடைவெளி விட்டால் பழி கடைக்காரருக்கு. மேஸ்திரி அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போயிருப்பார் :-)

சிங்க் ஓட்டை தனிக்கதை. ஓட்டை போட்ட பிறகு முன்னாலும் பின்னாலும் கல் இரண்டு மூன்று இஞ்ச் பட்டையாகத் தான் மிஞ்சும். உள் மூலைகளைக் கூர்மையாக வெட்டினால் விரிசல் அங்கிருந்து தான் கிளம்பும். அதனால் நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டு, பிறகு துளையில் இருந்து துளைக்கு வெட்ட வேண்டும். எட்டுக்கு இரண்டடி, 18 மில்லிமீட்டர் கனம் உள்ள பலகை எழுபது கிலோவுக்கு மேல். லிப்ட் இல்லாத இரண்டாவது மாடிக்கு அதை ஏற்ற வேண்டும். படுக்கை வசத்தில் தூக்கினால் தன் எடையிலேயே ஒடியும். கண்ணாடி போல நிமிர்த்தித் தான் தூக்க வேண்டும். திருப்பத்தில் கைப்பிடிச் சுவரில் இடித்து உடைந்தால்? அதே கல் திரும்பக் கிடைக்காது. ஒங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் இருந்து வரும் பிளாக் கேலக்ஸியை எடுத்துக்கொண்டால், பெயர் ஒன்று தான். பொன் புள்ளியின் அளவும் நெருக்கமும் சுமைக்குச் சுமை வேறு. (சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றி 'ஜெட் பிளாக்' என்று விற்கும் கில்லாடிகளும் உண்டு. தின்னரைத் துணியில் தொட்டுத் துடைத்தால் கறுப்பு துணிக்கு வந்துவிடும். ஐந்து ரூபாய் குறைவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவும் ஒரு பதில்.)

இத்தனையும் அந்த ஒற்றை ரேட்டுக்குள் அடக்கம் என்றால் கடைக்காரர் எதைக் குறைப்பார்? கல் விலை அவர் கையில் இல்லை. வண்டி வாடகை இல்லை. மேஸ்திரி கமிஷனும் இல்லை. கையில் இருப்பது இரண்டு: நேரம், தண்ணீர்.

கல்லை வெட்டும்போது பிளேடு மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசி எழும்பாமல் குழம்பாக வடிந்துவிடும். கேட்க எளிது, ஒரு டியூப் மாட்டினால் போதாதா என்று தோன்றும். போதாது. சாதாரண கட்டிங் மிஷினில் தண்ணீர் விட்டால் ஷாக் அடிக்கும் அபாயம் உண்டு. ஈரத்துக்கென்றே செய்த மிஷின் வேண்டும், மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் வேண்டும். வடியும் குழம்பைத் தெருச் சாக்கடையில் விட்டால் அது இறுகி அடைத்துக்கொள்ளும். தேங்க வைத்துத் தெளிய விட ஒரு தொட்டி வேண்டும். அள்ளிய சேறு காய்ந்தால் மறுபடி தூசி. தொட்டி, இடம், தண்ணீர், இன்னொரு ஆள் என்று எல்லாம் சேர்ந்தால் அந்த ஐந்து ரூபாய் எங்கே மிஞ்சும்? ஆகவே வீட்டு மொட்டைமாடியிலேயே உலர்வெட்டு. முகத்தில் ஒரு துண்டு. ஐந்தடி தள்ளி நிற்பவர் தெரியாத அளவுக்கு வெண்புகை.

கண்ணில் தெரியும் அந்தப் புகை பெரிய ஆபத்து இல்லை. கண்ணில் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்கா தான் நுரையீரலின் அடிவரை போகும். துண்டுத் துணி அதைத் தடுக்காது. போனது திரும்பாது. தழும்பாகி, மூச்சை ஆண்டுக்கணக்கில் சுருக்கும் அந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் இது கூட்டும். காசநோய் என்றே தவறாக எண்ணி மாதக்கணக்கில் அதற்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் உண்டு.

கிரானைட்டில் சிலிக்கா பாதிக்கும் குறைவு. இப்போது மாடுலர் கிச்சன் ஷோரூம்களில் "கறையே படியாது" என்று காட்டும் குவார்ட்ஸ் பலகை வேறு ரகம். குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்து இறுக்கிச் செய்வது. பல பலகைகளில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. அதை வெட்டுவதும் அதே பட்டறை, அதே மிஷின், அதே துண்டு. (அடுப்பில் இருந்து இறக்கிய குக்கரை அப்படியே அதன்மேல் வைத்தால் பிசின் கருகித் தடம் விழும் என்பதை ஷோரூமில் மெதுவான குரலில் தான் சொல்வார்கள்.)

விளைவு என்ன என்று பார்க்க வேண்டுமானால் கலிபோர்னியா இருக்கிறது. 2019க்கும் 2022க்கும் இடையே அங்கே நோய் கண்டறியப்பட்ட 52 மேடைக்கல் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு 2023ல் வெளிவந்தது. பாதிப் பேர் 45 வயதைத் தாண்டாதவர்கள். பத்துப் பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா விதிமுறைகளைப் போட்டுப் பார்த்து, அவை கடைப்பிடிக்கப்படவில்லை என்று கண்டு, 2024 ஜூலை 1 முதல் குவார்ட்ஸ் பலகையைச் செய்யவும் விற்கவும் வெட்டவும் பொருத்தவும் தடை போட்டுவிட்டது. அப்படித் தடை போட்ட முதல் நாடு அது தான்.

இந்தியாவில்? 1948ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடம் தொழிற்சாலை ஆக, பொதுவாகப் பத்துப் பேர் வேலை பார்க்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2020ல் வந்த புதிய தொகுப்புச் சட்டம் அதை இருபது ஆக்கியது. பத்தோ இருபதோ, நான்கு பேர் பட்டறைக்கு இரண்டும் ஒன்று தான். மொட்டைமாடியில் வெட்டுபவரைத் தேடி எந்த இன்ஸ்பெக்டரும் படியேறப் போவதில்லை.

வீடு கட்டுகிறவன் கடன் வாங்கிக் கட்டுகிறான், அவன் காசை மிச்சம் பிடிக்கக் கூடாதா என்று ஒரு கேள்வி எழும். தாராளமாகப் பிடிக்கலாம். விலை குறைந்த கல்லை எடுக்கலாம். டபுள் மோல்டிங் வேண்டாம், சாதாரண விளிம்பு போதும் எனலாம். வாசலில் சாய்ந்து நிற்கும் துண்டுகளில் இருந்தே ஜன்னலுக்கு எடுத்துக்கொள்ளலாம், கடைக்காரர் சந்தோஷமாகக் குறைத்துத் தருவார். கல், வெட்டு, விளிம்பு, ஏற்றுக்கூலி, பொருத்துகூலி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொன்னால் எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது என்பது தானே தெரியும். "எங்கே வச்சு வெட்டுவீங்க? தண்ணி விட்டா?" என்று கேட்க ஒரு பைசா செலவில்லை. தண்ணீர் விட்டு வெட்டும் கடைக்காரர் அந்தக் கேள்விக்காகத் தான் காத்திருக்கிறார். யாரும் கேட்காததால் பக்கத்துக் கடையின் ஐந்து ரூபாயிடம் அவர் தோற்றுக்கொண்டே இருக்கிறார்.

கடைக்காரர் வில்லனும் இல்லை. பல பட்டறைகளில் மிஷின் பிடிப்பவரே அவர் தான். கூட நிற்பது தம்பியோ மச்சானோ. மாஸ்க் போடச் சொன்னால் "இத்தனை வருசம் பழகிருச்சு தம்பி" என்பார்கள். சாயங்காலம் மிஷினைத் துடைத்து மூட்டை கட்டிக் கிளம்பியதும் மொட்டைமாடி முழுக்கக் கோலமாவு கொட்டினது போலக் கிடக்கும். மறுநாள் காலையில் சித்தாள் அக்கா விளக்குமாற்றோடு மேலே வருவார். தண்ணீர் தெளிக்காமலே கூட்டுவார்.