விரைவு வேறு, அவசரம் வேறு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இன்றைய உலகில் முகமே முகவரியாகிவிட்டது எனலாம். வேலைக்கு மனுப் போடுகிறவருக்கும் படம் வேண்டும். வேலை கொடுக்கிறவருக்கும் படம் வேண்டும். ஊழியரின் கழுத்தில் தொங்கும் அட்டை, நிறுவனத்தின் ஆண்டறிக்கை, இணையப் பக்கம் என எங்கு நோக்கினும் மார்பளவுப் படங்கள்! ஆகவே ஒரு நிறுவனத்து ஊழியர் அனைவரையும் ஒரே நாளில் வரிசையாகப் படமெடுத்துக் கொடுப்பது இன்று தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. விடுமுறை நாட்களில் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவருக்கு விளக்குப் பிடிக்கும் உதவியாளனாக நான் இத்தகைய இடங்களுக்குச் சென்று வருகிறேன். அங்கே கண்டவற்றால் என் மனத்தில் ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. இத்தொழிலுக்கு விரைவு வேண்டும்; அவசரம் கூடாது. இரண்டும் ஒன்றே என எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்தால் நட்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் வரிசையின் கடைசியில் நிற்பவர்களே.

விரைவை நான் வெறுப்பவன் அல்லன். புகைப்பட வரலாற்றில் விரைவு எளியோருக்கு நன்மையே செய்திருக்கிறது. 1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் டாகரின் முறை வெளியிடப்பட்ட காலத்தில், படத்திற்கு அமர்ந்தவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி கூடப் பொருத்தினார்கள். 1854இல் பாரீஸ் நகரத்து டிஸ்டெரி என்பவர் ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். படத்தின் விலை சரிந்தது. செல்வர் வீட்டுக் கூடத்தில் மட்டும் இருந்த உருவப்படம் சாமானியர் கைக்கும் வந்தது. அனடோல் ஜோசஃபோ 1920களில் நியூயார்க்கில் வைத்த தானியங்கிப் படக்கூண்டு, 25 சென்ட் காசுக்கு எட்டுப் படங்களைத் தந்தது. இவையெல்லாம் விரைவின் வெற்றிகள் அன்றோ?

ஆனால் விரைவு எங்கிருந்து பிறக்கிறது? இதற்கு 1903ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல விடை. அமெரிக்கப் பெரும் வங்கியாளர் ஜே.பி. மார்கனைப் படமெடுக்கும் பணி எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற இளைஞருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 24 தான். மார்கனுக்கோ பொறுமை கிடையாது. ஆகவே ஸ்டைக்கன், மார்கன் வருவதற்கு முன்பே அக்கட்டடத்து ஊழியர் ஒருவரை நாற்காலியில் அமர்த்தி, ஒளியையும் காமிராவையும் சரிசெய்து வைத்துக்கொண்டார். மார்கன் வந்தார், அமர்ந்தார், இரண்டே படங்கள், சுமார் மூன்று நிமிடத்தில் அலுவல் முடிந்தது. மகிழ்ந்துபோன மார்கன் 500 டாலர் கொடுக்கச் சொன்னார். அவற்றுள் இரண்டாவது படம் இன்றளவும் உலகப் புகழ் பெற்று விளங்குகிறது. அந்த மூன்று நிமிடம், முன்பே உழைத்துச் சேமித்த மூன்று நிமிடம். விளக்கிற்காக அமர்ந்தவர் தொழிலாளி. படத்திற்காக அமர்ந்தவர் முதலாளி என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இந்த முன்னேற்பாட்டின் பெரும்பகுதி நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல்தான். ஒளியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படிக்கிறோம். விளக்கிலிருந்து 4 அடியில் நிற்க வேண்டியவர் அரை அடி பின்னால் நகர்ந்தால், முகத்தில் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எனவே தரையில் கால் வைக்கும் இடத்தை ஒட்டுநாடாவால் குறித்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் விளக்கை நகர்த்த வேண்டியதில்லை. மூக்குக் கண்ணாடியில் விளக்கு மின்னுகிறதா? படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பதை நினைத்து விளக்கை உயர்த்தினால் போதும். முகத்தருகே காமிராவை நீட்டினால் மூக்குப் பெருத்துக் காது சிறுத்துவிடும். ஐந்தாறு அடி விலகி நின்று அதற்கேற்ற லென்சு போட்டால் முகம் முகமாக இருக்கும். வெளியே ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, வியர்வை துடைக்க ஒரு துண்டு. பெயர்ப் பட்டியலின் வரிசை எண்ணை ஒரு தாளில் எழுதி, அதையே ஒவ்வொருவருக்கும் முதற்படமாக எடுத்துவிட்டால் ஆள்மாறாட்டக் குழப்பம் வராது. இவ்வளவுதான் இரகசியம்!

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் வீதம் அறுபது பேருக்கு 180 நிமிடம். அதாவது மூன்றே மணி நேரம். ஒரு முற்பகலில் முடியும் வேலை. நேரமில்லை என்பது இங்கே சரியான காரணமாகுமா?

ஆயினும் நடப்பது என்ன? ஒரு நிறுவனத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். காலையில் அதிகாரிகள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கைந்து படங்கள், பிடிக்காவிட்டால் மறுபடியும். மாலையில், "மிச்சமிருக்கிறவங்களையும் சட்டுனு முடிச்சிடுங்க" என்று அலுவலகத்தார் உத்தரவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் காவலாளிகளும் துப்புரவுப் பெண்களும். சுவரோரம் நிறுத்தி, ஆளுக்கு ஒரு படம் போதும் என்றார்கள். ஸ்டுடியோக்காரர் மட்டும் அதற்கு இசையவில்லை. வயது முதிர்ந்த காவலாளியிடம், "ஐயா, தோளைத் தளர விட்டு நில்லுங்க, அவசரமில்லை" என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் முகமே மாறியதை விளக்கின் அருகிலிருந்து நான் பார்த்தேன்.

சுவரோரம் நிறுத்துவதில் இன்னொரு கேடும் உண்டு. காமிராவின் ஒளிமானி தன் முன்னுள்ளதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் எனக் கொண்டே கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவர் படத்தை நிறைத்தால் ஒளியைக் குறைத்துவிடும். கறுத்த முகம் மேலும் கறுத்துக் கண்ணும் மூக்கும் தெரியாமற் போகும். இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க நெடுங்காலம் அனுப்பிவந்த 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண்ணே. பல நிறத்தவரும் அவ்வட்டையில் இடம்பெற 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றோ முகத்தை வெளுப்பாக்கும் வித்தை கைபேசியிலேயே இருக்கிறது. வெளுப்பாக்குவது திருத்தமா? இல்லை, அதுவும் அவமதிப்பே. முகத்தில் விழும் ஒளியை அளந்து எடுத்தால் கறுப்பும் அழகாகவே பதியும்.

"அடையாள அட்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் வீட்டுச் சுவரில் என் பாட்டனாரின் படம் மாலையோடு தொங்குகிறது. எதற்கோ ஓர் அட்டைக்காக அவசரத்தில் எடுத்த படம் அது. அவர் ஆயுளில் வேறு படம் எடுத்துக்கொண்டதில்லை. அவர் மறைந்த பின் அதைத்தான் பெரிதாக்கினோம். நெற்றியும் ஒரு கன்னமும் தெரிகின்றன, கண்கள் தெரியவில்லை. பாட்டனாரை நேரில் கண்டிராத என் தங்கைக்கு அந்தப் படமே பாட்டனார். பல குடும்பங்களின் நிலை இதுதான். வசதி படைத்தவருக்கு நூறு படங்களில் ஒன்று கெட்டால் நட்டமில்லை. இருப்பதே ஒன்று என்றால்?

ஆதலால் படமெடுக்கும் நண்பர்களுக்கும் எடுக்கச் சொல்லும் நிறுவனத்தாருக்கும் நான் வேண்டுவது இவைதாம்: பட்டியலில் மேலாளருக்கும் காவலாளிக்கும் ஒரே அளவு நேரம் எழுதுங்கள். கடைநிலை ஊழியரைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். எடுத்த படத்தை அவரவரிடம் காட்டிச் சம்மதம் கேளுங்கள். டிஜிட்டல் காமிராவில் அதற்குப் பத்து விநாடி கூட ஆகாது. ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள்.

நாளை நம்மில் பலரும் பட்டம் பெற்று அலுவலகங்களில் அமரப் போகிறோம். "எல்லோருக்கும் படம் எடுக்க ஏற்பாடு செய்" என்ற உத்தரவு ஒருநாள் நம் மேசைக்கும் வரும். அன்று வரிசையின் கடைசி ஆளுக்கும் அவருக்குரிய மூன்று நிமிடத்தை ஒதுக்குவோமாக!