பிரின்ட் எடுத்தால் நிறம் எங்கே போகுது?

ஒரு வெப் பக்கத்தை பிரின்ட் எடுக்கும்போது உலாவி எங்களைக் கேட்காமலே ஒரு வேலை பார்க்கிறது. பின்னணி நிறங்களையும் பின்னணிப் படங்களையும் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் தாளுக்கு அனுப்புகிறது. குரோம், பயர்பொக்ஸ், சஃபாரி மூன்றிலும் வழமை இதுதான். எழுத்து வரும், கோடு வரும், உள்ளடக்கமாகப் போட்ட படமும் வரும். எழுத்துக்குப் பின்னால் பூசின நிறம் மட்டும் வராது.

இந்த வழமையைத் திட்டப் போறேன் எண்டு நினைக்க வேண்டாம். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போன நாடு இது. 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தினதும் அதே மாதம்தான். தாளும் மையும் காசு எண்டு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தோட இருக்கிற ஒரு பக்கத்தை அப்படியே அடித்தால் டோனரில் பாதி அதுக்கே போயிடும். உலாவி அந்தக் கறுப்பை விட்டுவிட்டு, வெள்ளை எழுத்தையும் தாளில் தெரியிற மாதிரி கருமையாக்கித் தருவது நல்ல விசயம்தான்.

பிரச்சினை என்னெண்டால், நிறம் அலங்காரமா தகவலா எண்டு உலாவிக்குத் தெரியாது. ஒரு தேர்தல் முடிவு அட்டவணையை யோசியுங்கோ. 22 தேர்தல் மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கட்டம், வென்ற கட்சியின் நிறம் அதில். கட்சிப் பெயர் எழுதப்படவில்லை. அதை பிரின்ட் எடுத்தால் 22 வெள்ளைக் கட்டங்கள் கிடைக்கும். கீழே நிறவிளக்கக் குறிப்பில் கட்சிப் பெயர்கள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் இருந்த சின்னச் சதுரங்கள் காலி. அரசறிவியல் அசைன்மென்டுக்கு அதை இணைத்தால் லெக்சரர் என்னத்தைப் பார்ப்பார்?

இன்னொன்று ரசீது. இலச்சினையைப் பின்னணிப் படமாகப் போட்டிருக்கிற தளங்கள் இருக்கு. ஒன்லைனில் காசு கட்டின ஒரு நண்பி அப்படியொரு ரசீதை அடித்துக்கொண்டு போனாள். கவுன்டரில் இருந்தவர், "இலச்சினை இல்லையே பிள்ளை, இது எங்கட ரசீதோ?" எண்டு கேட்டு திருப்பி அனுப்பிவிட்டார். போனில் முழுசாகத்தான் இருந்தது. தாளில்தான் இல்லை.

தீர்வு இருக்கு எண்டு கணினி தெரிந்தவர்கள் சொல்லுவினம். இருக்குத்தான். குரோமில் பிரின்ட் பெட்டியைத் திறந்து, 'மோர் செட்டிங்ஸ்' உள்ளே போய், 'பேக்கிரவுண்ட் கிராபிக்ஸ்' எண்டதுக்கு நேரே சரி போட வேணும். பின்னால் வரிசை நிற்கிற கொமியூனிகேஷன் கடையில், வேறொருவரின் கொம்பியூட்டரில், இதை யார் தேடுவது? பக்கத்தில் ஏதோ விடுபட்டிருக்கு எண்டு தெரிந்தால்தானே தேடவே தோன்றும்! உலாவி தான் எடுத்ததைச் சொல்லுறதில்லை. என்ர முறைப்பாடு இவ்வளவுதான்.

தளத்தைச் செய்கிறவர் பக்கமும் ஒரு வழி இருக்கு. சிஎஸ்எஸ்ஸில் 'பிரின்ட்-கலர்-அட்ஜஸ்ட்' எண்டு ஒரு பண்பு. அதன் தொடக்க மதிப்பு 'எகொனொமி', அதாவது உலாவி சிக்கனம் பார்க்கலாம். 'எக்ஸாக்ட்' எண்டு மாற்றினால், "இந்த நிறம் முக்கியம், கை வைக்காதே" எண்டு அர்த்தம். கட்சி நிறக் கட்டத்துக்கு மட்டும் இதைப் போட்டால் எவ்வளவு நல்லம். ஆனால் இந்தப் பண்பு உள்ளே இருக்கிற எல்லாத்துக்கும் இறங்கிப் போகும். சோம்பல்பட்டு முழுப் பக்கத்துக்கும் போட்டால், கறுப்புப் பின்னணியும் விளம்பரப் பட்டையும் சேர்ந்து அடிபடும். மைக்குக் காசு கொடுக்கிறது வடிவமைப்பாளர் இல்லை, நாங்கள். அதனால் பயனரின் விருப்பம் இந்தக் குறிப்பை விட மேலே நிற்க வேணும் எண்டு அந்த விதிமுறையே சொல்கிறது. எனக்கும் அதுதான் சரியாகப் படுது.

அப்ப உலாவி என்ன செய்ய வேணும்? வழமையை மாற்றத் தேவையில்லை. முன்னோட்டத்தின் மேலேயே ஒரு வரி போடட்டும்: "இந்தப் பக்கத்தில் பின்னணி நிறங்கள் விடப்பட்டுள்ளன. சேர்க்கவா?" சரி போடுற பெட்டி அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். அதோட, முழுப் பக்கத்தையும் மூடுகிற பின்னணியையும் விரலளவு கட்டத்தின் நிறத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. முதலாவது டோனரைக் குடிக்கும், இரண்டாவதுக்கு ஆகிற மை சொட்டுக் கணக்கு.

இதெல்லாம் வந்தாலும் தளம் செய்கிறவர்கள் தப்ப ஏலாது. எங்களில் கனபேர் எடுக்கிறது கறுப்பு வெள்ளைப் பிரதிதான். பின்னணி வந்தாலும் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பல். நிறக்குருடு உள்ள ஒருவருக்குத் திரையிலேயே அதே கதி. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லாதே எண்டு இணைய அணுகல் வழிகாட்டிகள் கனகாலமாகச் சொல்லிக்கொண்டு வருகின்றன. அந்தக் கட்டத்துக்குள்ளே கட்சியின் பெயரை நாலு எழுத்தில் போட்டால் எந்தப் பிரின்டரிலும் வரும்.