பொன் எவருக்கு, புழுதி எவருக்கு?

சொகுசு இரயில் பெட்டிகளின் பொற்காலம் என்று ஒரு காலத்தைக் குறிப்பிடுகின்றனர். தேக்குச் சுவர், தந்த வேலைப்பாடு, வெள்ளித் தட்டு, வெல்வெட்டு மெத்தை என்று அடுக்கடுக்காய் எழுதி, "அந்த நாளும் திரும்புமோ!" என்று ஏங்குகின்றனர். ஏங்குவோர் ஏங்கட்டும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தப் பொன் எவர் மடியிலிருந்து எடுக்கப்பட்டது?

விடை தேடிக் கடல் கடக்க வேண்டாம். நம் திருவள்ளூரிலேயே தொடங்கலாம். 1856இல் தென்னகத்தின் முதல் இருப்புப்பாதை, இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை, திருவள்ளூர் வழியாகத்தான் சென்றது. பாதை அமைத்தது சென்னை இரயில்வே கம்பெனி. அதில் முதல் போட்ட இங்கிலாந்துச் சீமான்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி என்று அரசு வாக்களித்திருந்தது. வருவாய் குறைந்தால் அதை ஈடுசெய்தது இந்நாட்டு வரிப்பணம். ஏர் பிடித்த உழவன் வண்டியில் ஏறவேயில்லை; ஆயினும் வண்டிக்குக் கட்டணம் கட்டினான்!

1875இல் இங்கிலாந்து இளவரசர் இந்தியா வந்தார், சென்னைக்கும் வந்தார். அவர் பயணத்துக்கென்றே தனிப்பெட்டி ஒன்று கட்டப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. 1876 முதல் 1878 வரை இலட்சோப இலட்சம் மக்கள் மடிந்தனர். தண்டவாளம் இருந்தது, தானிய மூட்டைகளும் அதில் வந்தன. ஆனால், ஏறிய விலையைக் கொடுக்க இயலாதவன் வாய்க்கு ஒரு பிடியும் எட்டவில்லை. 1899இல் மைசூர் மன்னருக்குப் பொன்னும் தந்தமும் இழைத்த தேக்குப் பெட்டி உருவாயிற்று. இவ்விரு பெட்டிகளும் இன்று டில்லி இரயில் அருங்காட்சியகத்தில் உள்ளன. பார்ப்போர் வியக்கின்றனர். வியப்பதோடு ஆண்டுகளையும் சேர்த்துப் படித்தால் நலம்.

அதே காலத்தில் மூன்றாம் வகுப்பின் நிலை என்ன? மரப்பலகை, நெரிசல், புழுக்கம். பல பத்தாண்டுகள் அதில் கழிப்பறைகூட இல்லை. இத்தனைக்கும் பயணிகளில் மிகப்பெரும்பாலோர் அந்த வகுப்பினரே. பயணக் கட்டண வருவாயில் பெரும்பங்கு தந்தவர்களும் அவர்களே. நிலையத்தில் இறங்கினால் அங்கே வேறொரு அவமானம் காத்திருந்தது. இரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம்! காசு ஒன்று, சோறு ஒன்று, இலை மட்டும் இரண்டு! தந்தை பெரியாரின் இடைவிடாத கிளர்ச்சிக்குப் பிறகே, 1941இல் அந்த இழிவு ஒழிந்தது.

அமெரிக்காவைப் பார் என்பர். பார்ப்போம். சொகுசுப் பெட்டிக்கு மறுபெயராகவே விளங்கிய புல்மன், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களையே பெட்டிப் பணியாளராக அமர்த்தினார். பெற்றோர் இட்ட பெயரை மறந்து, அவர்கள் எல்லோரையும் "ஜார்ஜ்" என்றே பயணிகள் அழைத்தனர். அது முதலாளியின் பெயர்! மாதத்துக்கு நானூறு மணி நேர வேலை. 1893இல் தொழில் நலிந்தபோது புல்மன் தம் ஆலைத் தொழிலாளரின் கூலியைக் குறைத்தார். அவர்கள் குடியிருந்த தம் வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் வேலைநிறுத்தம் மூண்டது. அதை நசுக்கப் பட்டாளம் வந்தது. பின்னர், 1925இல் ராண்டால்ஃப் தலைமையில் பெட்டிப் பணியாளர் சங்கம் கண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் கம்பெனியைக் கையெழுத்திட வைத்தனர். தொழிலாளியின் பொற்காலம் தொடங்குமானால், அந்தக் கையெழுத்திலிருந்துதான் தொடங்கும்.

கலையை நாம் பழிக்கவில்லை. தேக்கைச் செதுக்கிய தச்சனின் கை போற்றத்தக்கது. பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலை, 1955இல் தொடங்கிய நாளிலிருந்து நம் தொழிலாளரின் திறனுக்குச் சான்றாக நிற்கிறது. 2010இல் ஓடத் தொடங்கிய மகாராஜா எக்ஸ்பிரஸ் பெட்டிகளும் அங்கு உருவானவையே. அதில் ஒரு முழுப் பெட்டியே ஒரே விருந்தினர் அறை! மன்னராட்சி மாண்டது, மகாராஜா மட்டும் தண்டவாளத்தில் உலா வருகிறார்.

"வெளிநாட்டுப் பணம் வருகிறதே!" என்பர். வரட்டும். ஆனால், கும்மிடிப்பூண்டிக்கு வந்து பாருங்கள். தொழிற்பேட்டையின் காலை முறைக்கு விரையும் இளைஞன் வாயிற்படியில் தொங்குகிறான். சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம். புறநகர் மின்வண்டியில் கழிப்பறை இல்லை. பெண் தொழிலாளர் தண்ணீர் அருந்தவும் அஞ்சிப் பயணம் செய்கின்றனர். அதே பாதையில், கவரைப்பேட்டையில், 2024 அக்டோபர் 11 அன்று விரைவுவண்டி ஒன்று கிளைப்பாதையில் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. தண்டவாளம் மக்களுடையது, அதன் முதல் உரிமையும் மக்களுடையதே.

வசதி சிலருக்கே உரியது என்பது இயற்கை விதியன்று. 1974இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்தனர்; பலகை அப்படியே இருந்தது. 1977இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைமேல் இரண்டு அங்குல மெத்தை போடச் செய்தார். இரண்டே அங்குலம்! கோடிக்கணக்கான முதுகுகளின் வலி குறைந்தது. மன்னர்களின் பெட்டிகளைவிட அந்த இரண்டு அங்குலத்தை வரலாற்றின் பெருஞ்சாதனையாக நாம் மதிக்கிறோம்.

தோழர்களே! அடுத்த முறை பொற்காலத்தைப் பற்றி எவரேனும் பேசினால், கும்மிடிப்பூண்டி வண்டிக்கு ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள். கூடுதல் பெட்டி, கழிப்பறை, பழுதற்ற பாதை, இம்மூன்றும் கேட்டு ஊர்தோறும் கையெழுத்துத் திரட்டுங்கள். பொற்காலம் பின்னே இல்லை. அதை வரவழைக்க வேண்டியவர்கள், இன்று வாயிற்படியில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள்.