விளையாட்டு வந்தது, ஆள் எங்கே?

2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை அடியோடு விலக்கி, வீடியோ கேம் போட்டிகளான இ-ஸ்போர்ட்ஸுக்கு விளையாட்டு என்ற அந்தஸ்தையும் அளித்துவிட்டமையால், இவ்விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லாமல் ஒதுங்கியிருக்கும் சௌகரியம் உடற்கல்வி ஆசிரியர்களாகிய நமக்கு இனி இல்லை.

சூது ஒழிந்ததில் ஆட்சேபம் இல்லை. உடல் லாகவம், மனச் சுறுசுறுப்பு, வியூக யோசனை ஆகியவையே வெற்றி தோல்வியை நிர்ணயிக்க வேண்டும் என்ற சட்டத்தின் இலக்கணமும் நியாயமானதே. வியர்க்காதது விளையாட்டா என்று கேட்கும் நண்பர்கள், குறுவட்டப் போட்டிகளில் சதுரங்கத்தை எந்த நியாயத்தில் நடத்துகிறோம் என்பதையும் சற்றே யோசிக்கலாம்.

ஐந்து பிள்ளைகள் ஓர் அணியாய் ஆடும் வீடியோ கேமில், முன்னே போகிறவன் சொல்லாமல் போனால் பின்னே காப்பவன் அடிபடுகிறான். தோற்றதும் ஒருவனை ஒருவன் வைகிறான். அந்தச் சமயம் திரையை நிறுத்தச் சொல்லி, "நீ பார்த்ததை அவனிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பதற்கு ஒருவர் பக்கத்தில் இருந்தால், உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் இரண்டு மூன்றாவது அங்கேயே படிந்துவிடும்; இல்லையென்றால் வசவுதான் மிச்சம். வாலிபாலில் இருவருக்கு நடுவே விழும் பந்துக்கு "எனக்கு" என்று குரல் கொடுக்கும் பழக்கமும் இப்படி ஒருவர் நின்று சொல்லிக் கொடுத்து வந்ததுதானே?

அந்த ஒருவர் யார்? பயிற்சிக் கழகங்கள் அமைப்பதைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. அவை வெள்ளிமலையிலோ சங்கராபுரத்திலோ எழப்போவதில்லை என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி மூன்றுக்குமாகப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோரை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரைநாள் என்று பகுதிநேரத்தில் அமர்த்திவிட்டு, கடமை தீர்ந்ததென்று திருப்தியடைந்த நிர்வாகம் அல்லவா நம்முடையது? நான் வேலை பார்த்த பள்ளியொன்றில், கால அட்டவணையில் "உ.க." என்றிருந்த கட்டம் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். வாய் திறந்தால் தேர்ச்சி விகிதம் என்பார்கள். அலமாரியில் காற்றிறங்கிய இரண்டு பந்துகள். அதன் சாவியோ தலைமையாசிரியர் மேஜையில். பிள்ளைகள் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தபடி வர்க்கமூலம் போட்டார்கள். பந்துக்கே நேரம் கொடுக்க மனம் வராதவர்கள், நாளை கணினி ஆய்வகத்தைத் திறந்துவிட்டு, மேற்பார்வைக்குத்தான் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரே என்று ஒரு சுற்றறிக்கையோடு கை கழுவமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இ-ஸ்போர்ட்ஸ் பள்ளிக்குள் வரட்டும். தனிப் பாடவேளையோடும், பயிற்சி பெற்ற முழுநேர ஆளோடும் வரட்டும். மைதானத்தின் கட்டத்தைப் பறித்துக்கொண்டு வருமானால் அதை நாம் ஏற்பதற்கில்லை.

இந்தப் பருவத்தில் உங்கள் அட்டவணையில் இருந்த உடற்கல்விப் பாடவேளைகள் எத்தனை, உண்மையில் நடந்தவை எத்தனை என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்புங்கள். பள்ளியின் பெயரை விட்டுவிட்டு, எண்களை மட்டும் அடுத்த இதழில் அச்சிடுகிறோம்.

சங்கராபுரம்
ஆசிரியர்