விளக்கு தந்தவரும் வீழ்ந்த கோபுரமும்

பாரிஸ் நகரச் சுரங்க ரயில் நிலையத்தில், 1938 ஜூலை 16ஆம் நாள், முதியவர் ஒருவர் மாரடைப்பால் விழுந்து மாண்டார். அவர் பையிலே சில்லறைக் காசுகளே இருந்தன என்று அன்றைய ஏடுகள் எழுதின. யார் அவர்? சிகாகோவின் மின்சார மன்னர் என்று கொண்டாடப்பட்ட சாமுவேல் இன்சல்!

1859இல் லண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 14 வயதில் அலுவலகத்தில் எடுபிடி வேலை. 1881இல் அமெரிக்கா சென்று எடிசனின் செயலாளரானார். 1892இல் சிகாகோ எடிசன் கம்பெனியின் தலைவரானார். உழைப்பால் உயர்ந்தவர்தான், மறுக்கவில்லை.

அவரது திறமையும் பொய்யன்று. இரவில் விளக்கெரிய ஓடும் இயந்திரம், பகலில் சும்மா கிடந்தது. அந்த நட்டமும் மின்சார விலையிலே ஏறிற்று. இன்சல் பகல் நேர மின்சாரத்தை டிராம் வண்டிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் விற்றார். 1903இல் 5,000 கிலோவாட் நீராவிச் சுழலியை ஃபிஸ்க் தெரு நிலையத்தில் நிறுவினார். விலை இறங்கிற்று. மாளிகையில் எரிந்த விளக்கு, தொழிலாளி வீட்டிலும் எரிந்தது. மின்கட்டணத்தை அரசு கண்காணிக்கட்டும் என்று 1898இலேயே பேசியவரும் அவரே!

பிறகு வந்தது கேடு. மின்சாரம் செய்யும் கம்பெனியின் பங்குகளை வாங்க ஒரு கம்பெனி, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேலே மற்றொன்று! உச்சியில் சிறு முதல் போட்டவர் கையில் அடிவரை ஆதிக்கம். ஏறத்தாழ 30 மாநிலங்களில் பரவிற்று அந்தக் கோபுரம். அதன் பங்குகளைக் கம்பெனித் தொழிலாளர்களும், கட்டணம் கட்டிய ஏழை எளியவர்களும் நம்பி வாங்கினர்.

1929இல் பங்குச் சந்தை சரிந்தது. வங்கியில் அடகு வைத்த பங்குகளின் மதிப்பு கரைந்தது. 1932இல் கோபுரம் சாய்ந்தது. விளக்குகள் அணையவில்லை, இயந்திரங்கள் நிற்கவில்லை. லட்சக்கணக்கானோரின் சேமிப்புத்தான் போயிற்று! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இன்சல் கிரேக்க நாட்டுக்கு ஓடினார். 1934இல் துருக்கியில் பிடிபட்டார். சிகாகோ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அப்படியானால் உழைப்பாளியின் பணத்தை விழுங்கியது யார்? காவலற்ற கணக்கேடு! அரசின் கண்காணிப்பு கம்பியையும் கட்டணத்தையும் பார்த்தது. மேலே அடுக்கிய கம்பெனிகளைப் பார்க்கவில்லை.

அடுக்குக் கம்பெனிகளுக்குக் கடிவாளமிட 1935இல் சட்டம் செய்தார் ரூஸ்வெல்ட். 2001இல் என்ரான் என்னும் எரிசக்திக் கம்பெனி சரிந்தது. தன் தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பையும் சேர்த்து அழித்தது. அதைக் கண்ட பின்பு, கடிவாளத்தை இறுக்கினார்களா? இல்லை. 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தையே நீக்கிற்று! திருட்டு நடந்த தெருவிலே காவல்காரனுக்கு ஓய்வு கொடுத்த கதை இது.

தோழர்களே! கெட்டவன் ஒருவன் கெடுத்தான் என்று இந்த வரலாற்றை முடித்துவிடாதீர்கள். கெட்டிக்காரர் கையிலும் கணக்குக் கேட்பாரின்றிப் பணம் சேர்ந்தால் இதுதான் நடக்கும். ஆற்றலைப் பாராட்டுவோம்; அதற்குரிய ஊதியமும் பெருமையும் தருவோம். ஆனால், பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு உறங்கமாட்டோம். மின்சாரம் மக்களின் விளக்கு. அதன் கணக்கும் மக்கள் கண்முன் இருக்கட்டும்!